நெக்ளிஜிபிள் என்ற சொல் முள்ளளத்துக்கு வந்த வருஷம்

வரிசைப்படி சொல்கிறேன், ஏனென்றால் வரிசை மாறினால் அநியாயம் வெறும் புலம்பலாகிவிடும். முதலாவது, 1961இல், முள்ளளம் காலனியின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த நானூறு ஏக்கர் தரவையைத் தரிசு என்று எழுதி, உப்பளம் போடக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது, 1968இல், காலனிக்கு வந்துகொண்டிருந்த குடிதண்ணீர்க் குழாயைக் கம்பெனி காம்பவுண்டுக்குள் திருப்பினார்கள். அன்றிலிருந்து வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் நேரம்தான் எங்களுக்குத் தாகம் எடுக்க வேண்டிய நேரம். மூன்றாவது, 1974இல், வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் நாற்பது வயதுக்குள் கண் மங்கிப்போன முப்பத்தொரு பெண்களுக்கு, கம்பெனி கூட்டிவந்த டாக்டர் வயசுக் கோளாறு என்று சீட்டு எழுதினார். நான்காவது, 1983இல், கறுப்புக் கண்ணாடி கொடுத்து, வரிசையாக நிறுத்தி, போட்டோ எடுத்து, கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது, 1987இல், நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பதினொரு வீடுகளின் கூரையைப் பிரித்து எறிந்தார்கள். வேலைநிறுத்தம் இருபத்துமூன்றாம் நாள் உடைந்தது. ஆறாவது, 1996இல், பிள்ளைகளுக்கென்று கட்டிய பாலர் பள்ளியில் காலிச் சாக்குகளை அடுக்கினார்கள். ஏழாவது, 2008 கார்த்திகை மழையில், தன் உப்புக் குவியல் கரையாமலிருக்கக் கம்பெனி வடக்குக் கரையை வெட்டிவிட்டது. தண்ணீர் காலனிக்குள் புகுந்தது. எருமை இரண்டு, ஆடு பதினான்கு, உயிர் ஒன்று.

இதே வரிசையில் பத்தொன்பது நோட்டீஸ் அடித்திருக்கிறேன். என் பெயர் தவசிலிங்கம், ஆனால் காலனியில் நான் நோட்டீஸ்காரர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்குப் பாடம் சொன்னவை சுவரில் ஒட்டியதும் கூட்டத்தில் கொடுத்ததுமான துண்டுத்தாள்கள்தான். நான் எழுதிய ஒரு தேதியைக்கூடக் கம்பெனி வக்கீல் இதுவரை தவறு என்று நிரூபித்ததில்லை.

எட்டாவது அநியாயம் ஒரு சொல். கரை உடைந்ததைப் பற்றி விசாரிக்க வந்த அதிகாரியின் அறிக்கை ஆறு மாதம் கழித்து வைகாசியில் வந்து, கிராம நிர்வாக அலுவலகக் கதவில் ஒட்டப்பட்டது. முழுக்க இங்கிலீஷ். கால்நடை இழப்புக்கு அரைப் பக்கம் இருந்தது, உப்பு இழப்புக்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது, இரண்டாம் பக்கத்தின் அடியில் மனித உயிரிழப்புக்கு ஒரு வரி இருந்தது, அந்த வரியின் கடைசியில் நெக்ளிஜிபிள் என்று இருந்தது.

தூத்துக்குடி நடைபாதையில் வாங்கிய என் பழைய அகராதியில் அட்டை இல்லை, ஆனால் அந்தச் சொல் இருந்தது. பொருட்படுத்த வேண்டாத, விட்டுவிடத்தக்க, மிகச் சொற்பமான. சொல்லைத் தெரிந்தால் போதாது, அதை எங்கே வைத்து எழுதுகிறார்கள் என்றும் தெரிய வேண்டும் என்பது நோட்டீஸ் எழுதிப் பழகியவனுக்குத் தெரியும். ஆகவே கம்பெனி லேபில் உப்பைச் சோதிக்கும் லேப் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, வெளியூர்க்காரர், அவ்வளவுதான்.

"நாங்க தெனமும் எழுதுற வார்த்தைதான் அண்ணாச்சி," என்றார். "உப்புல மக்னீசியம் இவ்வளவுக்குக் கீழ இருந்தா அப்படிப் போடுவோம்."

"அப்படின்னா இல்லேன்னு அர்த்தமா சார்?"

"இல்லேன்னு இல்ல. இருக்கும். எடுத்துக்க வேண்டாம்னு அர்த்தம். அத விட்டுட்டுப் பாத்தாலும் உப்பு உப்பாத்தான் இருக்கும் பாருங்க, அதுக்கு."

அந்த இடத்தில் அந்தச் சொல் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். மக்னீசியத்துக்கு மகள் கிடையாது.

அறிக்கை ஒட்டிய மறுநாள் விடிந்ததும், செல்லக்கனி மதினி வழக்கம்போல உப்பு வாரும் வாருபலகையோடு உப்புப் பாத்தியில் இறங்கி, விளைந்து கெட்டிப்பட்டிருந்த உப்பின் மேல் கால் வைத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். உப்பில் ஒரு கீறல் இல்லை. முப்பது வருஷமாக அவள் குதிகாலை அறுத்த உப்பு அன்றைக்கு அவள் நடந்ததையே கண்டுகொள்ளவில்லை. "ஏட்டி, இன்னைக்கு உப்பு நல்லா எறுகிருக்கு," என்று பக்கத்துப் பாத்திக்காரியிடம் சொன்னாள். கங்காணி ஏறிப் பார்த்தார். அவர் பக்கத்து ஊர்க்காரர். முழங்கால் வரை உடைத்துக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் இறுகியது உப்பு இல்லை என்பதும், எடை போனது எங்களுக்குத்தான் என்பதும் தெரிந்தது. மத்தியானத்துக்குள் காலனியின் நூற்று எழுபது வீட்டுக்காரர்களும் ரேஷன் கடைத் தராசில் ஒருவர் பின் ஒருவராக ஏறிப் பார்த்தார்கள், ஐந்து பேர் சேர்ந்தும் ஏறிப் பார்த்தார்கள், முள் அசையவில்லை, கடைக்காரர் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இறங்குங்க, சீனி போடணும்," என்றார்.

எடை போனால் என்ன ஆகும் என்று நீங்கள் நினைப்பதெல்லாம் ஆகவில்லை, ஏனென்றால் வேலை இருந்தது. முதல் வாரத்திலேயே பெண்கள் முந்தானையில் ஒரு செங்கல் முடிந்துகொள்ளப் பழகினார்கள், ஆண்கள் வேட்டி மடிப்பில் உப்புக் கட்டி வைத்துக்கொண்டார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளின் பைகளில் ஆளுக்கு இரண்டு ஓடு போட்டு அனுப்பினார்கள், காலனியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை வேலிக்கல்லுக்கு வேலிக்கல் கயிறு கட்டினோம், அதைப் பிடித்துக்கொண்டு போய்வந்தோம். ஆடுகளுக்கு எடை போகவில்லை. அறிக்கையில் அவற்றுக்கு அரைப் பக்கம் இருந்ததல்லவா. அதனால் மேய்க்கப் போனவனைக் கிடா இழுத்துக்கொண்டு வருவதும், "லேய், யாரு யார மேய்ச்சிட்டு வாரிய?" என்று கயிற்றைப் பிடித்து நின்றவர்கள் கேட்பதும் தினசரி நடந்தது. மினிபஸ் கண்டக்டர் நாற்பது பேரைக் கூரையில் ஏற்றிவிட்டு, டயரைக் குனிந்து பார்த்து, "ஆளே ஏறல, எதுக்குவே விசில் அடிக்கச் சொல்லுதிய," என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்த குழந்தையை எடை போட்ட நர்சம்மா, முள் பூஜ்யத்திலேயே நிற்பதைப் பார்த்து, குழந்தை அழுவதையும் பார்த்து, காலனிப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் இரண்டே முக்கால் கிலோ என்று எழுத ஆரம்பித்தார். மேலிடத்திலிருந்து, எங்கள் பகுதியில் குழந்தைகளின் எடை சீராக இருப்பதாகப் பாராட்டிக் கடிதம் வந்தது.

நன்மையும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எல்லோருடைய காலும் ஆறியது. உப்பு அறுத்த வெடிப்பும், உப்புத்தண்ணீர் தின்ற விரலிடுக்குப் புண்ணும் ஒரு மாதத்தில் மூடி, ஐம்பது வயதுப் பெண்கள் தங்கள் பாதத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல வாசலில் கால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்கும் நன்மை இருந்தது. எங்களை உப்புக் குவியலின் உச்சியில் ஏற்றிக் கீற்று வேயச் சொன்னார்கள், குவியல் சரியவில்லை. பாத்தியின் நடுவே நிறுத்தி வாரச் சொன்னார்கள், அடிச்சேறு கலங்கவில்லை. அந்த வருஷத்து உப்பு மாதிரி வெளுத்த உப்பு விளைந்ததில்லை என்று லேப் சாரே சொன்னார்.

நான் மட்டும் விடவில்லை. மேடையில் மைக் கம்பியோடு துண்டால் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்று, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எட்டு அநியாயங்களையும் வரிசைப்படி பேசினேன். சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தோம். லாரி போன காற்றில் முன்வரிசை முழுவதும் உடைமரங்களில் போய்த் தங்கியது. சப்-இன்ஸ்பெக்டர் வந்து என் முன்னால் குனிந்து, "அண்ணாச்சி, நீங்களா எந்திரிச்சுப் போறீயளா, இல்ல ஊதணுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஆனியில் வார்டு இடைத்தேர்தல் வந்தது. வாக்குச்சீட்டில் முத்திரையை எவ்வளவு அழுத்தியும் மை பதியவில்லை. காலனியின் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டும் செல்லாத ஓட்டு. மனுமேல் மனு எழுதி, கடைசியில் ஒரு திருத்தம் வந்தது. நெக்ளிஜிபிள் என்பதை அடித்துவிட்டு மினிமல், அதாவது மிகக் குறைந்த, என்று போட்டிருந்தார்கள். அன்றைக்குத் தராசில் ஏறிப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு கோழிமுட்டை எடை வந்திருந்தது. மூன்றாம் நாள் திருத்தத்தில் எழுத்துப்பிழை இருப்பதாக அதைத் திரும்பப் பெற்றார்கள், முட்டையும் போயிற்று.

ஆனி கடைசியில் செண்பகவடிவு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கரை உடைந்தபோது செத்துப்போன அந்த ஓர் உயிரின் மகள் அவள். அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாள், தகப்பன் முன்பே இறந்துவிட்டான், அவள் வந்து சேர்வதற்குள் தாயை அடக்கம் செய்திருந்தோம். அதற்குப் பிறகு அவள் திரும்பிப் போகவில்லை, எங்களோடு உப்பு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு செங்கல் வைத்திருந்தாள்.

"பெரியப்பா, எங்கம்மா எழும்புதா," என்றாள்.

"எங்க?"

"குழிக்குள்ள இருந்துதான். மண்ணு பொதுபொதுன்னு மேல வருது. முந்தாநாள் ஒரு சாணு. இன்னைக்கு ஒண்ணரைச் சாணு. மேல வச்ச கல்லையும் தூக்கிட்டு வாரா."

நான் போய்ப் பார்த்தேன். வடக்குக் கரைக்கு அப்பால் மணல்மேட்டில் எங்கள் இடுகாடு இருக்கிறது. மற்ற குழிகள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன, அவர்கள் அறிக்கைக்கு முன்னால், எடையுள்ள காலத்தில் செத்தவர்கள். இவளுடைய குழி மட்டும் புளித்த மாவு போல உப்பியிருந்தது. எங்களுக்கு எடை போயிருந்தால் அவளுக்கும் போகத்தானே செய்யும், அந்த வரி எழுதப்பட்டதே அவளைப் பற்றித்தானே. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. "கல்லைக் கூடப் போடுவோம்," என்றேன்.

"எத்தனை கல்லு பெரியப்பா? ஆடிக் காத்து வருது. மண்ண வாரிட்டுப் போயிட்டா எங்கம்மா எங்க போவா? கடலுக்கா?"

எங்கள் ஊர் ஆடிக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அது மேற்கிலிருந்து வரும், பகல் முழுவதும் நிற்காது, நின்ற சைக்கிளை ஓட்டும். கடல் கிழக்கே ஒன்றரை மைல். வடிவுக்கு வேண்டியது இவ்வளவுதான், தாய் மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

"நானும் கூப்பிட்டுப் பாத்தேன்," என்றாள். "தெனமும் போயி பேரச் சொல்லிக் கூப்பிடுதேன். கூப்பிட்டா ஒரு விரக்கடை அமுங்குது. மறுநா காலைல எழும்பிருது. ஒருத்தி சொன்னா ஒரு விரக்கடைதான் போல."

பிறகு மடியிலிருந்து என் பத்தொன்பதாவது நோட்டீசை எடுத்து, நான்காக மடித்ததை விரித்து, ஏழாவது அநியாயத்தில் விரல் வைத்தாள். "இதுல எங்கம்மா பேரு எங்க?"

"உயிர் ஒன்றுன்னு போட்டிருக்கேன் பாரு."

"ஆமா. எருமை ரெண்டுன்னு போட்ட மாதிரி." அவள் குரலை உயர்த்தவில்லை. "விசாரணைக்கு வந்தவரு பேரு கேட்டாரா, கேக்கலையா? அதச் சொல்லுங்க."

இந்த இடத்தில், ஐந்தாவது அநியாயத்தில் நான் அரை வாக்கியத்தோடு நிறுத்தியதை முழுதாகச் சொல்ல வேண்டும். 1987இல் வேலைநிறுத்தம் இருபத்துமூன்றாம் நாள் உடைந்தது என்றேன். தானாக உடையவில்லை. அன்று காலை ஒரு பெண் வாருபலகையைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தலைக் கடந்து போனாள். வழிமறித்தேன். "நோட்டீச உலையில போட்டா கஞ்சி பொங்குமா தவசி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். அவள் பின்னால் இன்னும் ஒன்பது பேர் போனார்கள், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலனிக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன், கையைத் தூக்கி நிறைவேற்றினார்கள். போராட்டத்தை உடைத்தவர்களின் பெயரை முள்ளளத்தில் யாரும் சொல்லக் கூடாது, கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டால் பெயரைத் திருப்பித் தரலாம். பின்னால் போன ஒன்பது பேரும் ஒரு வருஷத்துக்குள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவள் கேட்கவில்லை. "எம் பேரு எங்கிட்டதான் இருக்கு, அவன் என்னத்தத் திருப்பித் தருவான்?" என்றாளாம். ஆகவே இருபத்தொரு வருஷம் அவள் எங்களுக்கு 'அந்த வீடு'. அந்த வீட்டுக்கு விறகு வேணுமாம், அந்த வீட்டுக்காரன் செத்துட்டான், அந்த வீட்டுப் பிள்ளை திருப்பூர் போவுதாம். நாக்கு பழகிவிட்டது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்தவரிடம்கூட நாலாவது வரிசைக் கடைசி வீடு என்றுதான் கையைக் காட்டினோம்.

மார்கழியில் விசாரணை அதிகாரி பாலர் பள்ளிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் ஐம்பது பேர் நின்றோம், வடிவு பாக்கெட் போடும் கொட்டகையில் வேலையில் இருந்தாள். நான் ஏழு அநியாயங்களையும் தேதியோடு சொன்னேன், அவர் எட்டுப் பக்கம் எழுதினார், அவருடைய பேனா மை தீர்ந்து நான் என் பேனாவைக் கொடுத்தேன். பிறகு அவர் கேட்டார்: "இறந்தவங்க பேரு?"

"ஒரு பொம்பள சார்," என்றார் யாரோ.

"பேரு?"

ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடைந்த கரையைப் பார்த்தேன். அவர் மூன்று தடவை கேட்டார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் ஈக்களை ஓட்டிக்கொண்டு, நியாயமான நேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பேர் சொல்ல ஆளில்லாத ஓர் உயிரை அவர் வேறு எந்தச் சொல்லால் எழுதியிருப்பார் என்று அறிக்கை வந்த நாளிலிருந்து அகராதியில் தேடியிருக்கிறேன்.

"கேட்டார்," என்று வடிவிடம் சொன்னேன்.

அவள் நோட்டீசைப் பழைய மடிப்பிலேயே மடித்து மடியில் வைத்துக்கொண்டு, செங்கற்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே நான் குழிக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. நாற்பது வருஷம் வளையாத கழுத்து, அதற்கு நேரம் வேண்டியிருந்தது, பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். ஒருத்தி சொன்னால் ஒரு விரக்கடை அமுங்கும் என்றால் ஊரே சேர்ந்து சொல்லலாமா என்று பஞ்சாயத்து போலப் பேசிப் பார்த்தோம். காலனி இரண்டாகப் பிரிந்தது. "எனக்குக் காலு இப்பத்தான் ஆறிருக்கு அண்ணாச்சி," என்றாள் செல்லக்கனி. "மறுபடி எடையக் கொண்டுவந்து மறுபடி அறுத்துக்கணுமா?" இன்னொருவர், "மன்னிப்புக் கேக்காம பேரைத் திருப்பிக் குடுத்தா தீர்மானம் என்னத்துக்கு?" என்றார், அந்தத் தீர்மானத்தை நான் எழுதிய அதே வார்த்தைகளில். "செத்தவ எப்படிவே வந்து கேப்பா?" என்று மற்றொருவர் கேட்டதற்கு, "எழும்பித்தான் வந்துட்டிருக்காளே, கேக்கட்டும்," என்று பதில் வந்து, சிரிப்பு வந்து, சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். "தீர்மானம் போட்டது நீரு," என்று முடிவாக என்னிடம் சொன்னார்கள், "எடுக்கதும் நீருதான்."

ஆடி பிறந்தது. முதல் நாள் காற்றிலேயே செல்லக்கனியின் முந்தானை முடிச்சு அவிழ்ந்து, செங்கல் கீழேயும் அவள் மேலேயும் போய், ஓடைக்கு அப்பால் ஒரு பனையின் உச்சியில் ஓலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஏணி வைத்து இறக்கியபோது, அடி ஒன்றும் இல்லை, வாய் மட்டும் ஓயவில்லை. "காலு அறுத்தாலும் தரையில நின்னுக்கிட்டு அறுபடட்டும்," என்றாள். "போயி அந்தப் பேரச் சொல்லித் தொலையும்வே."

மூன்றாம் நாள் பகலில் மணல்மேட்டுப் பக்கமிருந்து ஆள் ஓடிவந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். குழி முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது, காற்று அதன் மேல்மண்ணை ஒரு கை ஒரு கையாக அள்ளிக் கிழக்கே வீசிக்கொண்டிருந்தது, ஓரத்தில் நாங்கள் அடக்கம் செய்தபோது போர்த்திய நூல்சேலையின் பச்சைக் கரை தெரிந்தது. வடிவு தன் இடுப்பில் செங்கற்களைக் கட்டிக்கொண்டு தாயின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். அமுக்கிப் பிடிப்பதாக நினைத்துப் படுத்திருந்தாள். அவளுக்கு ஏது எடை? இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் கழுத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள், இருபத்தொரு வருஷம் வழியில் என்னைக் கண்டால் அவள் தாய் திருப்பிக்கொண்டது போலவே.

நான் வீட்டுக்குப் போய் நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதினேன். இருபதாவது நோட்டீஸ், அச்சடிக்க நேரமில்லை, கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்று.

சாட்சிகள் வேண்டும் என்றேன், ஏனென்றால் சாட்சியில்லாமல் சொன்னதை நாளைக்கு நானே மறுப்பேன், என்னை எனக்குத் தெரியும். காலனி முழுவதும் வந்தது, வேலிக்கல்லில் கட்டிய கயிற்றைப் பிடித்து, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து, மேட்டைச் சுற்றி நின்றது. எடையுள்ள சாட்சிகளாக இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தேன். தலையாரி பால்வண்ணம் வந்தார், லேப் சார் சட்டை படபடக்க வந்தார், கூட்டம் கூடுகிறது என்று கேள்விப்பட்டு சப்-இன்ஸ்பெக்டர் அழைக்காமலே வந்து, "இன்னைக்கு ஊத மாட்டேன், வாசிங்க அண்ணாச்சி," என்றார். அவரே காற்றுக்கு மறைப்பாக என் பக்கத்தில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்காவிட்டால் நான் கடல் வழியாக வாசித்திருப்பேன்.

வரிசைப்படி வாசித்தேன். தரவை, குழாய், கண், கண்ணாடி. ஐந்தாவது வந்ததும் நின்று, மூச்சு வாங்கி, புதிதாக எழுதியதை வாசித்தேன்: ஐந்தாவது அநியாயத்தின் இரண்டாம் பகுதி. இது கம்பெனி செய்ததல்ல, சர்க்கார் செய்ததல்ல. பசித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் பெயரை எடுத்துவிட்டோம், தீர்மானம் எழுதியவன் தவசிலிங்கம், கை தூக்கியவர்கள் நாங்கள். அவள் போனது தவறு என்று இன்றும் சொல்கிறேன். அதை அவள் பெயரைச் சொல்லிச் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்பு என்று ஒரு சொல் எழுதி அடித்திருந்தேன், அதை வாசிக்கவில்லை, அடித்திருந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பாலர் பள்ளி. கரை உடைப்பு. எருமை இரண்டு, ஆடு பதினான்கு. காகிதத்தில் அதற்கு அடுத்து ஒரு வரிதான் இருந்தது.

அதை வாசிப்பதற்கு முன்னால், வாசித்த பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வரிக்குப் பின்னால் எதையும் வைக்க எனக்கு உரிமை இல்லை. முதலில் வாசித்தவன் நான், அடுத்துச் சாட்சிகள் கேட்கக் காலனி முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னது, இருபத்தொரு வருஷம் சொல்லாத நாக்குகள், பலருக்குத் திக்கியது. மேடு ஒரு பெருமூச்சு விட்டாற்போல அமுங்கியது, வடிவு அதன் மேல் படுத்தபடியே இறங்கித் தரையோடு தரையானாள், அவள் இடுப்புச் செங்கல் மண்ணில் பதிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் என் தோளை விட்டார், நான் நின்றேன். சுற்றிலும் முந்நூறு பேர் மணலுக்குள் கணுக்கால் வரை இறங்கிய சத்தம் கேட்டது, தானிய மூட்டையை இறக்கி வைத்த சத்தம். கயிறுகளை மறுநாள் அவிழ்த்தோம், கன்றுக்குட்டி கட்ட உதவுகின்றன. நர்சம்மா பழைய எண்களைத் திருத்த வேண்டியதாயிற்று. உப்பு மறுபடியும் காலை அறுக்கிறது. செல்லக்கனி குதிகாலில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டே இன்றுவரை என்னைத் திட்டுகிறாள், திட்டும்போது பாத்தியில் அவள் கால் பதிந்த தடம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது. அறிக்கையை யாரும் திருத்தவில்லை. அந்தச் சொல் இரண்டாம் பக்கத்தின் அடியில் அப்படியேதான் இருக்கிறது, எட்டாவது அநியாயம் எட்டாவதாகவே நிற்கிறது, அதற்காக இருபத்தோராவது நோட்டீஸ் அச்சில் இருக்கிறது. வடிவு அதன் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள், தவசி என்கிறாள். இருக்கட்டும்.

ஆடி மூன்றாம் நாள், பிற்பகல், வடக்குக் கரைக்கு அப்பால், தலையாரி பால்வண்ணமும் லேப் சாரும் சப்-இன்ஸ்பெக்டரும் முள்ளளம் காலனி ஜனமும் கேட்க, நான் கடைசி வரியை வாசித்தேன்:

உயிர் ஒன்று. நாலாவது வரிசை, கடைசி வீடு. சொள்ளமுத்துவின் மனைவி, செண்பகவடிவின் தாய். வயது ஐம்பத்து நான்கு. பெயர், இசக்கித்தாய்.